நிலத்தை விற்காத கிராமம்

பாலித் தீவின் கிழக்குக் கரையில் சாண்டிதாசா என்று ஓர் ஊர். கடற்கரை உண்டு, ஆனால் மணலைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது! விடுதிகள் கட்டுவதற்காகப் பவழப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்பாகச் சுட்டுவிட்டார்கள். காவல் போனதும் அலைகள் மணலை வாரிக்கொண்டு சென்றன.

அங்கிருந்து இரண்டு மூன்று மைல் உள்ளே சென்று, குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கிலுள்ள தெங்கனான் கிராமத்தை அடைந்தோம். கல் பாவிய அகன்ற வீதிகள் படிப்படியாக மேலேறுகின்றன. இருமருங்கிலும் வீடுகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன.

இவ்வூராருக்கு இந்திரனே பிரதான தெய்வம். இந்திரனுடைய உச்சைச்சிரவத்தின் பெயர் தாங்கிய அரச குதிரை ஒன்று காணாமற்போக, இவர்களுடைய முன்னோர் அதன் உடலைக் கண்டுபிடித்தனராம். "அதன் நாற்றம் எட்டும்வரை நிலம் உங்களுடையது" என்றான் அரசன். ஊர்த் தலைவனோ குதிரையின் மாமிசத்தை மடியில் மறைத்துக்கொண்டே எல்லை காட்ட நடந்தானாம். பிறகு நாற்றம் எங்கே குறையப் போகிறது!

அந்த நிலத்தை வெளியாருக்கு விற்கலாகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. டுரியன் பழத்தைக்கூட மரத்திலிருந்து பறிக்கக் கூடாது. தானாக விழுந்த பிறகே எடுக்கலாம். 1841-ல் இக்கட்டுப்பாடுகளை எழுதி வைத்த நூல் தீக்கிரையாயிற்று. மறு வருஷமே திரும்ப எழுதிக்கொண்டார்கள்.

திண்ணைகளில் பெண்கள் 'கெரிங்சிங்' நெய்வதைப் பார்த்தோம். 'நோயற்றது' என்று பொருளாம். நம் குஜராத்துப் பட்டோலாவைப் போல, பாவு நூல், ஊடு நூல் இரண்டையும் முன்னதாகவே முடிச்சிட்டுச் சாயம் தோய்த்து நெய்கிறார்கள். ஒரு துணி முடியப் பல வருஷங்கள் ஆவதுண்டு.

பிரயாணிகள் இங்கும் வருகிறார்கள், வியாபாரமும் நடக்கிறது. ஆனால் இவர்கள் விற்பது துணியை. காலடி நிலத்தை அல்ல.