வேலிக்குள் ஒரு வாரம்: புந்தா கானா கடற்கரை விடுதி நாட்குறிப்பு

திங்கள்

கரீபியன் கடலும் அட்லாண்டிக் பெருங்கடலும் கலக்குமிடத்தில், இஸ்பனியோலாத் தீவின் கிழக்கு முனையில் அமைந்த புந்தா கானா, டொமினிக்கன் குடியரசின் சுற்றுலாத் தொழிலுக்குத் தலைவாசலாக விளங்குகிறது. தனியார் கட்டி நடத்தும் அதன் விமான நிலையத்தில் இறங்கும் பயணியை வரவேற்பது கானா என்னும் உள்ளூர்ப் பனையின் ஓலை வேய்ந்த உயர்ந்த கூரை. அங்கிருந்து குளிரூட்டிய பேருந்து அவரை ஏற்றிக்கொண்டு, இருபுறமும் மதில் நீளும் சாலை வழியே விடுதியின் வாயிற்காவலைக் கடந்து வரவேற்பறையில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே அவர் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டப்படுகிறது. அறை வாடகை, மூன்று வேளை உணவு, மது உள்ளிட்ட பானங்கள், இரவுக் கலைநிகழ்ச்சி, துடுப்புப் படகு, பாய்மரப் படகு ஆகிய அனைத்துக்கும் ஊரிலிருந்து புறப்படும் முன்பே சேர்த்துச் செலுத்தப்பட்ட ஒரே தொகையே ‘அனைத்தும் அடங்கிய கட்டணம்’ எனப்படும். அத்தொகை செலுத்தப்பட்டதற்கான அடையாளமே அப்பட்டை.

அது கையில் ஏறியபின் பணப்பையை அறையின் இரும்புப் பெட்டியில் பூட்டிவிடலாம். விடுதியின் கவர்ச்சி முழுவதும் இந்த நிம்மதியில்தான் அடங்கியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆண்டு முழுதும் ஒவ்வொரு செலவையும் கணக்குப் பார்த்து வாழ்ந்த குடும்பத்துக்கு, பிள்ளைகள் கேட்டதையெல்லாம் மறுக்காமல் வாங்கித் தர முடிகிற ஒரு வாரம் அற்பமான பேறன்று. ஆனால், பணம் கைமாறும் தருணம் கண்ணிலிருந்து மறையும்போது அதனுடன் சேர்ந்து வேறு எவை மறைகின்றன என்பது வாரம் முழுவதும் கவனித்தற்குரிய வினாவாகும்.

செவ்வாய்

இந்த ஏற்பாடு கரீபியனில் பிறந்ததன்று. பெல்ஜிய நாட்டு நீர்ப்பந்து வீரராக இருந்த ஜெரார் பிளிட்ஸ் 1950ஆம் ஆண்டு ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில், அல்குதியா என்னும் ஊரின் கடற்கரையில், கூடாரங்களை அடித்துத் தொடங்கிய ‘கிளப் மெட்’ விடுமுறைக் கிராமமே இதற்கு முன்னோடி. போரில் களைத்த ஐரோப்பியர்கள் பதவியையும் வர்க்கத்தையும் மறந்து ஒரே மேசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பது அவர் நோக்கம். பணம் புழங்கினால் ஏற்றத்தாழ்வும் கூடவே வந்துவிடும் என்பதால் அது முன்கூட்டியே பெறப்பட்டது. பின்னாளில் மதுவுக்கு மட்டும் கழுத்தில் மாலையாக அணிந்த மணிகளைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

சமத்துவத்துக்காக எழுந்த அந்த எண்ணம் அட்லாண்டிக்கைக் கடந்து வந்தபோது வேறோர் உருவம் கொண்டது. ஜமைக்காவில் 1980ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டி நிகழ்ந்த அரசியல் வன்முறை பயணிகளை அஞ்சச் செய்திருந்த காலத்தில், வெளியே போக வேண்டிய தேவையே எழாதவாறு எல்லாவற்றையும் மதிலுக்குள் தரும் விடுதிகள் அங்கு வேரூன்றின. ‘சாண்டல்ஸ்’ நிறுவனத்தின் முதல் விடுதி மொண்டேகோ பேயில் 1981இல் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் விருந்தினரை ஒருவரோடொருவர் இணைக்கத் தோன்றிய முறை, இங்கே விருந்தினரை ஊராரிடமிருந்து பிரிக்கப் பயன்பட்டது. பெயரும் வசதியும் மாறாமலிருந்ததால் இம்மாற்றம் பலருக்கும் புலப்படவில்லை.

புந்தா கானாவின் கதை 1969இல் தொடங்குகிறது. தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையே சமரசம் பேசுவதில் பெயர் பெற்ற நியூயார்க் வழக்கறிஞர் தியடோர் கீல் தலைமையில் அமெரிக்க முதலீட்டாளர் சிலர், சாலையே இல்லாத இக்காட்டு நிலத்தை வாங்கினர். பிராங்க் ரைனியேரி என்னும் டொமினிக்கன் இளைஞர் அவர்களுடன் சேர்ந்தார். சில குடில்களோடு 1971இல் தொடங்கிய முயற்சி, 1980களில் விமான நிலையம் அமைந்தபின் வேகம் பிடித்து, இன்று வடக்கே பாவரோ, மக்காவோ வரை நீண்டுள்ளது. நாட்டுக்கு வரும் பயணிகளின் எண்ணிக்கை, கப்பலில் வருவோரையும் சேர்த்து, 2023இல் ஒரு கோடியைத் தொட்டது.

புதன்

விடியும் முன்பே கடற்கரையில் வேலை தொடங்கிவிடுகிறது. கவைக்கோலும் தள்ளுவண்டியுமாக வரும் பணியாளர்கள், இரவில் ஒதுங்கிய பழுப்புநிறப் பாசியை வாரிக் குவிக்க, இழுவை இயந்திரம் ஒன்று அதை அள்ளிச் செல்கிறது. விருந்தினர் காலை உணவு முடித்து வரும்போது மணல் வெளுத்துக் கிடக்கும். இப்பாசி சர்காசம் எனப்படும். இவ்வினத்தின் உறவுகள் மன்னார் வளைகுடாவிலும் உண்டு; ஆனால் அவை பாறையைப் பற்றி வளர்பவை. அட்லாண்டிக்கின் இரு வகைகளோ வேரூன்றாமல், காற்று நிறைந்த சிறு குமிழ்களின் உதவியால் வாழ்நாள் முழுதும் மிதந்து, துண்டு துண்டாக உடைந்தே பெருகுபவை. நடுக்கடலில் அவை ஆமைக் குஞ்சுகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் அடைக்கலம். கரையில் குவிந்து அழுகும்போதுதான் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிட்டு, அழுகிய முட்டையின் நாற்றமெடுத்து, மூச்சையும் கண்ணையும் வருத்துகின்றன.

2011க்கு முன் கரீபியன் கரைகளில் இப்பாசி இந்த அளவு ஒதுங்கியதில்லை. அவ்வாண்டு முதல் ஏறத்தாழ ஒவ்வொரு கோடையிலும், மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை நீளும் ஒரு பாசிப் பட்டை உருவாகிறது. 2018 ஜூன் மாதத்தில் அதன் நீளம் 8,850 கிலோமீட்டர் என்றும், எடை 2 கோடி டன்னுக்கும் மேல் என்றும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் கணித்தனர். ஆறுகள் அடித்துவரும் உரச்சத்து, ஆழ்கடலிலிருந்து மேலெழும் ஊட்டப்பொருள்கள், நீரோட்ட மாற்றங்கள் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. விடுதிகள் கடலுக்குள் மிதவைத் தடுப்புகளைக் கட்டுகின்றன. எஞ்சியது மனிதர் முதுகில் ஏறுகிறது. ஈரப்பாசியின் கனத்தை அறிந்தவர்கள் அதை வாருபவர்கள் மட்டுமே, ஏனெனில் விருந்தினர் எழுமுன் வேலை முடிந்துவிட வேண்டும் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட விதி.

அந்த வெண்மணலுக்கும் ஒரு வரலாறு உண்டு. கிளிமீன் எனப்படும் பல வண்ண மீன், பவளப்பாறையின் மேல் படரும் பாசியைத் தன் அலகு போன்ற பற்களால் சுரண்டித் தின்னும்போது சுண்ணாம்பையும் சேர்த்து விழுங்கி, அரைத்து, மணலாக வெளியேற்றுகிறது. கரையின் மணலில் ஒரு பகுதி இவ்வாறு உண்டானது. பாசி மேயும் நீள்முள் கடல்முள்ளெலிகள் 1983–84இல் கரீபியன் முழுவதும் நோயால் மடிந்தபின், பாறைகளைக் காக்கும் பொறுப்பின் பெரும்பங்கு கிளிமீன் மேல் விழுந்தது. அதை வலைவீசிப் பிடித்து வறுத்துத் தின்பது கடற்கரையையே சிறுகச் சிறுகத் தின்பதாகும்.

வியாழன்

வார நடுவில் பெரும்பாலோர் மேற்கொள்ளும் வெளிப்பயணம் சாவோனாத் தீவுக்கானது. பயாயிபே என்னும் மீனவர் ஊரிலிருந்து இரட்டை உடல் கொண்ட பாய்மரக் கப்பல், ஓங்கி ஒலிக்கும் இசையுடனும் ரம்முடனும் புறப்பட்டு, இடுப்பளவு ஆழமே உள்ள பளிங்கு நீர்ப்பரப்பொன்றில் நிற்கிறது. அடியில் பெரிய செந்நிற நட்சத்திர மீன்கள் கிடக்கின்றன. படம் எடுப்பதற்காக அவற்றை நீருக்கு வெளியே தூக்குவது அவற்றுக்குத் தீங்கு என்று வழிகாட்டிகள் சொல்வது ஆறுதல் தருகிறது.

ஆனால் தீவின் பழைய வரலாற்றைச் சொல்லும் குரல் இசையின் நடுவே எழுவதில்லை. இங்கு வாழ்ந்த தைனோ மக்கள், மரவள்ளிக் கிழங்கைத் துருவி நஞ்சுச் சாறு பிழிந்து சுட்ட கசாபே என்னும் அப்பத்தை ஸ்பானியர்களுக்கு அளித்துவந்தவர்கள். ஏறத்தாழ 1502இல், கப்பலில் அப்பம் ஏற்றும் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய தலைவர் மீது ஸ்பானியரின் வேட்டைநாய் ஏவப்பட்டு அவர் குடல் சரிந்து மாண்ட நிகழ்ச்சியை, அக்காலத்தில் தீவுக்கு வந்த பார்த்தொலோமே தெ லாஸ் காசாஸ் பாதிரியார் எழுதிவைத்துள்ளார். அதைத் தொடர்ந்த போரில் இகுவே வட்டாரம் அழிக்கப்பட்டது. எதிர்த்து நின்ற தலைவர் கோட்டுபனாமா சாவோனாவில் பிடிபட்டு சாந்தோ தொமிங்கோவில் தூக்கிலிடப்பட்டார். தீவை உள்ளடக்கிய தேசியப் பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. விருந்தினர் மதிய உணவுக்கு இறங்கும் கரையில் இவ்வரலாற்றை நான்கு வரிகளில் எழுதிய ஒரு பலகை நடுவது எளிது. அதை நடுவது கடமையும் ஆகும்.

தீவில் மானோ குவான் என்ற சிற்றூர் ஒன்றும் உண்டு. வண்ணம் பூசிய மரவீடுகள், மீன்பிடிப் படகுகள், கடலாமை முட்டைகளைக் காத்துப் பொரியவைத்துக் கடலில் விடும் பணி ஆகியவை அவ்வூரின் சிறப்பு. அங்கே நிற்கும் படகைத் தேர்ந்தெடுத்தால் பயணத்தின் பொருளே வேறாகிறது.

வெள்ளி

சுற்றுலாப் பொருளியலில் ‘கசிவு’ என்றொரு கருத்து உண்டு: பயணி செலவிடும் பணத்தில், வெளிநாட்டு உரிமையாளரின் இலாபமாகவும், பயண முகவரின் தரகாகவும், இறக்குமதிப் பொருளின் விலையாகவும் நாட்டுக்குள் தங்காமல் வெளியேறும் பங்கு அது. கட்டணம் முழுதும் பயணியின் சொந்த நாட்டிலேயே செலுத்தப்படும்போது, அதில் ஒரு பகுதி தீவுக்கு வந்து சேர்வதே இல்லை. உழவுநிலம் குறைந்த சிறு தீவுகளில் தக்காளிகூடக் கப்பலில் வருகிறது. டொமினிக்கன் குடியரசு இதில் ஓரளவு நற்பேறு பெற்றது. சிபாவோ சமவெளியில் நெல்லும், கொன்ஸ்தான்சா மலைப் பள்ளத்தாக்கில் காய்கறியும் விளைவதால், விடுதியின் சமையற்கூடத்தில் உள்ளூர் உழவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

அந்த உழவரின் சுவை மேசையின் ஒரு மூலையில்தான் வெளிப்படுகிறது. ஐரோப்பியப் பாலாடைக்கட்டிகளும் அமெரிக்க அப்பங்களும் நீண்ட வரிசையாக அடுக்கப்பட்டிருக்க, கடைக்கோடியில் ஒரு பாத்திரத்தில் மாங்கூ இருக்கும். பச்சை வாழைக்காயை உப்பிட்டு வேகவைத்து, வெந்த நீரைச் சிறிது விட்டு, வெண்ணெயோ எண்ணெயோ சேர்த்துச் சூட்டோடு மசித்து, காடியில் வதக்கிய சிவப்பு வெங்காயத்தை மேலே பரப்பி, பொரித்த பாலாடைக்கட்டி, சலாமி, முட்டை ஆகியவற்றுடன் பரிமாறப்படும் இதுவே நாட்டு மக்களின் காலை உணவு. ஆறினால் இறுகிவிடும், ஆகவே சமையற்காரர் புதிதாக மசித்துக் கொண்டுவரும் வேளையில் போய்ப் பெறுவதே அறிவுடைமை.

சனி

விடுதிப் பணியாளர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பது மதிலுக்குள் எவருக்கும் தெரியவேண்டிய செய்தியாக இல்லை. அவர்களில் பலரின் இருப்பிடம் வெரோன் போன்ற, திட்டமின்றிப் பெருகிய குடியிருப்புகள். இன்னும் பலர் இகுவே நகரிலிருந்து வருகிறார்கள். கட்டடங்களை எழுப்பியவர்களில் பெரும் பகுதியினர் எல்லைக்கு அப்பாலுள்ள ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்களும் அவர்கள் வழித்தோன்றல்களும் ஆவர். முறையான ஆவணமில்லாத அயல்நாட்டுப் பெற்றோருக்கு 1929க்குப் பின் பிறந்தோர் குடிமக்கள் ஆகார் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தீர்ப்பளித்தபோது, இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பல்லாயிரவர் நாடற்றவராயினர். மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒரு பகுதியினருக்கே தீர்வளித்தது. தங்கள் கையால் எழுப்பிய சுவருக்கு வெளியே மட்டுமன்றி, நாட்டின் குடிமைப் பதிவேட்டுக்கும் வெளியே நிறுத்தப்பட்ட அவர்கள் நிலை, இவ்வட்டாரத்தின் செழிப்பைப் பேசும் எவரும் கடந்துபோகக் கூடாத அநீதியாகும்.

வெரோனின் தெருக்களில் பொது வாழ்வின் நடுவிடம் கொல்மாதோ என்னும் மளிகைக் கடை. நம் ஊர் அண்ணாச்சி கடையைப் போலவே கணக்கேட்டில் கடன் எழுதிக்கொண்டு, எண்ணெயைச் சிறு பையில் கட்டியும் முட்டையை ஒன்றிரண்டாகவும் விற்கும் இக்கடையின் வாசலில், மாலையானால் நாற்காலிகள் போடப்படுகின்றன. டொமினோக் கட்டைகள் மேசையில் அறையப்படுகின்றன. பச்சாத்தா இசை ஒலிக்கிறது. சர்வாதிகாரி துருகியோ 1961இல் கொல்லப்பட்டபின் ஒலிப்பதிவு கண்ட இந்த இசை, ஏழைகளின் சாராயக்கடைப் பாட்டு என்று மேல்தட்டினரால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டு, 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. விடுதியின் நீச்சல்குளத்தருகே காலை பதினோரு மணிக்கு அதன் அடவுகள் கற்பிக்கப்படுகின்றன. கற்பிக்கும் இளைஞர் நான்கைந்து மொழிகளில் எண்ணிக் கால் மாற்றுவது உண்மையான திறமை. ஆயினும், அந்த இசை பிறந்த வகையான தெரு சில கிலோமீட்டர் தொலைவில் இருக்க, அங்கே ஒரு குளிர்பானம் வாங்கவும் எவரும் போகாததற்குக் காரணம் அச்சம் மட்டுமன்று: எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. விருந்தினருக்கு வாய்த்த நிம்மதியே கொல்மாதோக்காரரின் இழப்பாக முடிகிறது. வணிகத்தைக் கொச்சையானதாகக் கருதுவோர் உண்டு. எனினும், அயலார் இருவர் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேச வைப்பதில் விலை கேட்டலுக்கு நிகரான கருவி மனிதரிடம் வேறில்லை.

ஞாயிறு

உயர் அலைக்கோட்டிலிருந்து 60 மீட்டர் வரையிலான கரைப்பகுதி பொதுவுடைமை என்று 1968ஆம் ஆண்டின் 305ஆம் எண் சட்டம் கூறுகிறது. எனவே மணலில் நடப்பவரை எந்த விடுதியும் தடுக்க இயலாது. மணலை அடையும் வழிதான் மதில்களால் அடைபட்டுள்ளது. பொதுமக்கள் தடையின்றி வந்து சேரக்கூடிய மக்காவோ கடற்கரையில் ஞாயிறுதோறும் உள்ளூர்க் குடும்பங்கள் பானையும் பாத்திரமுமாக வந்து அமர்கின்றன. கரையோரக் கொட்டகைகளில் முழு மீனைக் கீறி உப்பும் எலுமிச்சையும் தடவிப் பொரித்து, இருமுறை பொரித்துத் தட்டையாக நசுக்கிய வாழைக்காய்த் துண்டுகளோடு தருகிறார்கள். கிளிமீன் வேண்டாம் என்று சொல்லவும், எந்த மீன் இன்று காலை வந்தது என்று விசாரிக்கவும், உள்ளூர் நாணயமான பெசோவில் விலை பேசவும் வாய் திறந்தாக வேண்டும். சமைப்பவரும் பதிலுக்கு ஊர் பேர் கேட்பார்.

வாரக் கட்டணத்தில் வந்தவர்களுக்கோ அன்று பகல் பன்னிரண்டுக்குள் அறையைக் காலி செய்துவிட்டு விமானம் ஏற வேண்டியிருக்கிறது. பயணத்தைத் திட்டமிடும்போதே திரும்பும் நாளைத் திங்களாக வைத்துக்கொண்டு, சிறிது பெசோவும் மாற்றி வைத்துக்கொண்டால், மக்காவோவில் ஒரு முழு ஞாயிறு கிடைக்கும்.