இருபத்து மூன்றாவது வளைவு

கல்லாற்றைத் தாண்டியதும் பொன்முடிக்கான ஏற்றம் துவங்கிவிடும். அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. சுற்றுலாப் பயணிகள் அவற்றை எண்ணிக்கொண்டே போவார்கள். அந்த 62 வயது ஜீப் டிரைவருக்குப் பலகை தேவைப்பட்டதே இல்லை. மூடுபனியில் எதிரே இருப்பது தெரியாத நாட்களில்கூட, எஞ்சின் முனகும் விதத்தை வைத்தே எத்தனையாவது வளைவு என்று சொல்லிவிடுவார். எந்த இடத்தில் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்தது அவர் அல்ல, அவரது இடது கை.

அந்த இடது கைதான் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

பக்கவாதம். மூளையில் ரத்தக் கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்கிறது மருத்துவம். தூக்கத்தில் வந்ததால் எப்போது துவங்கியது என்று அவருக்கே தெரியாது. கை மரத்துப்போயிருக்கிறது, தைலம் தேய்த்தால் சரியாகும் என்று வீட்டில் ஒரு மணி நேரம் போனது. பிறகுதான் விதுரா, நெடுமங்காடு வழியாக நகரத்துக்கு ஓட்டம். உயிர் பிழைத்தது. கால் இரண்டு மாதத்தில் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து அனுப்பினார்கள். நாளைக்கு நூறு தடவை அமுக்கு, விடு. முதல் வாரம் செய்தார். இரண்டாவது வாரம் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மனைவி எடுத்துக் கொடுத்தார். மீண்டும் உருண்டு போனது. “இது என்ன கைக்குழந்தைக்கு உள்ள சோலியா?” என்று எரிந்து விழுந்தார். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகியும் கோபம் மட்டும் நாஞ்சில் தமிழில்தான் வருகிறது.

இந்த இடத்தில்தான் பேத்தி வருகிறாள். ஒன்பதாம் வகுப்பு. கேரள அரசு 2018இல் உயர்நிலைப் பள்ளிகளில் துவக்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றத்தில் உறுப்பினர். அங்கே அனிமேஷன் கற்றுத் தருகிறார்கள்; ‘ஸ்க்ராட்ச்’ என்ற மொழியில் புரோகிராம் எழுதவும் கற்றுத் தருகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட மொழி அது. வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் புரோகிராம் தயார். யாரோ எழுதியதைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், தன் பெயரில் மறுபடி வெளியிடலாம்.

அப்படி யாரோ ஒரு ரசிகர் செய்து வைத்திருந்த விளையாட்டு ஒன்றைப் பேத்தி பழைய லேப்டாப்பில் விளையாடிக்கொண்டிருந்தாள். அசல், ‘ஜியாமெட்ரி டேஷ்’. சுவீடனைச் சேர்ந்த ராபர்ட் டொபாலா தனி ஆளாக உருவாக்கி 2013 ஆகஸ்டில் வெளியிட்டது. உலகம் முழுக்கப் பிள்ளைகளைப் பைத்தியமாக அடித்த சரக்கு. ரசிகர்கள் செய்த நகலுக்குக் காசு வேண்டாம், கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டாம், பிரௌசர் போதும். ஒருமுறை இறங்கிவிட்டால் நடுவில் இன்டர்நெட் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும். மழைக்கால மலையடிவாரத்தில் இது சின்ன சௌகரியம் அல்ல.

ஆட்டம் மிக எளிது. அதாவது, விதி எளிது. ஒரு சதுரம் தானாகவே வலப்பக்கம் ஓடுகிறது. நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்க முடியாது. வழியில் முட்கள், மேடைகள், பள்ளங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சதுரம் குதிக்கும். எங்காவது மோதினால் முடிந்தது கதை. மறுபடி முதலிலிருந்து. பின்னணியில் ஒரு மின்னிசை அதிர்ந்துகொண்டே இருக்கும். முட்கள் பெரும்பாலும் அதன் தாளத்துக்குப் பொருந்தித்தான் நடப்பட்டிருக்கும். முதல் கட்டம் முழுவதும் ஒன்றரை நிமிடம்தான்.

“பாட்டா, ஒரு தடவை தட்டிப் பாருங்க” என்று பேத்தி விளையாட்டாகத்தான் சொன்னாள். வலது கையால் தட்டினார். மூன்றாவது முள்ளில் செத்தார். பிறகு என்ன தோன்றியதோ, இடது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்து, அதன் ஆள்காட்டி விரலை ஸ்பேஸ் பார்மேல் நிறுத்தினார். முதல் முள்ளிலேயே சாவு. அன்று மாலைக்குள் அறுபது தடவை செத்திருப்பார். பந்தை அறுபது தடவை அமுக்கச் சொல்லி அவரிடம் யாராலும் ஜெயிக்க முடிந்ததில்லை.

பழைய டிரிப் நோட்டு ஒன்றை எடுத்துக் கணக்கு எழுத ஆரம்பித்தார். தேதி, எத்தனை டிரிப், எவ்வளவு தூரம். கிலோமீட்டர் எழுத வேண்டிய இடத்தில் சதவீதம். முதல் வாரம் எட்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. விரல் சரியாகத்தான் தட்டுகிறது என்று அவர் சத்தியம் செய்தார். சதுரமோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தியே குதித்தது. கோளாறு ஹெட்போனில் இருந்தது. கம்பியில்லாத புளூடூத் ஹெட்போனில் ஓசை காதுக்கு வந்து சேர நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தாமதமாகலாம். பாட்டுக் கேட்பவனுக்கு அது பொருட்டே அல்ல. ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 படங்களை ஓட்டுகிறது. ஐந்தில் ஒரு பங்கு நொடி என்றால் ஆறு படங்கள். அதற்குள் முள் குத்திவிடும். கம்பி உள்ள பழைய ஹெட்போனுக்கு மாறிய அன்று 21 சதவீதம்.

கண்ணையும் மாற்ற வேண்டியிருந்தது. புதிதாக ஆடுகிறவர்கள் சதுரத்தையே பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அடுத்து வரும் முள்ளை. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. “வண்டி ஓட்டும்போ பானெட்டயா பாக்கோம்? அடுத்த வளைவயாக்கும் பாக்கது” என்று அவர்தான் பேத்திக்குப் பாடம் எடுத்தார்.

ஆனால் முப்பது சதவீதத்தில் வண்டி நின்றுவிட்டது. அங்கே சதுரம் ஒரு சிறு கப்பலில் ஏறிக்கொள்கிறது. இப்போது தட்டினால் போதாது. பட்டனை அழுத்திப் பிடித்தால் கப்பல் மேலே ஏறும், விட்டால் இறங்கும். மேலும் சுவர், கீழும் சுவர்.

அழுத்தக் கை வந்தது, விடத்தான் வரவில்லை. பக்கவாதம் வந்த பலரின் கைக்கு உள்ள தொல்லை இது. மடங்கும் தசைகள் இறுகிக்கொள்கின்றன. பிடித்ததை விடுவது பிடிப்பதைவிடக் கடினம். டம்ளரை வாங்கிவிடுவார்கள், கீழே வைக்க அடுத்தவர் வந்து விரலைப் பிரிக்க வேண்டும். அவருடைய கப்பல் ஒவ்வொரு முறையும் கூரையில் முட்டிச் சிதறியது. மூன்று வாரம், நோட்டில் 31, 31, 30, 31. இரவில் தனியாக உட்கார்ந்து விரலைத் திட்டிக்கொண்டிருப்பார் என்கிறார் மனைவி.

பேத்திக்கு மனம் கேட்கவில்லை. புரோகிராமைத் திறந்து கப்பலின் வேகத்தைப் பாதியாக்கிக் கொடுத்தாள். கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நொடி ஆனது. “வளைவ நிமித்திக் குடுத்தா அது பொன்முடி இல்ல மக்ளே. பழையபடி ஆக்கு” என்றார். அவள் வேறு வழி யோசித்தாள். அசல் விளையாட்டில் பயிற்சி முறை என்று ஒன்று உண்டு. வழியில் பச்சை வைரம் நட்டுக்கொள்ளலாம்; செத்தால் அங்கிருந்தே துவங்கலாம். இந்த நகலில் அது இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து அவளே அதைச் சேர்த்தாள். கப்பலின் வாசலில் ஒரு பச்சை வைரம். இனி அந்தப் பத்து நொடியை மட்டும் திரும்பத் திரும்ப ஆடலாம்.

தாளம் இங்கேதான் கைகொடுத்தது. விடு என்று விரலுக்குக் கட்டளையிட்டபோது கேட்காத கை, தாளம் விழும் இடத்தில் தானாகக் கொஞ்சம் தளர்ந்தது. அமெரிக்காவில் மைக்கேல் தாவ்ட் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பக்கவாதத்துக்குப் பின் தாளத்தைக் கேட்டபடி நடைபழகியவர்கள், தாளமின்றிப் பழகியவர்களைவிட வேகத்திலும் அடி நீளத்திலும் அதிகம் தேறினார்கள். அது காலுக்கு, அதுவும் மருத்துவர் மேற்பார்வையில். விளையாட்டே வைத்தியம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவரும் அப்படிச் சொல்வதில்லை. வாய்க்குள் ‘ஒண்ணு, ரெண்டு, விடு’ என்று முணுமுணுத்துக்கொள்வார், அவ்வளவுதான். பந்தும் இப்போது கட்டிலுக்கு மேலே வந்துவிட்டது.

2,316ஆவது டிரிப்பில் நூறு சதவீதம். பேத்தி பள்ளியில் இருந்தாள். மனைவி அடுப்படியில் இருந்தார். திரையில் என்னமோ வெடித்து மின்னியதாகவும், ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்ததாகவும் பிற்பாடு சொன்னார். ஆதாரம் கேட்ட பேத்திக்கு மறுநாள் இன்னொரு முறை முடித்துக் காட்ட நாற்பது டிரிப் ஆனது.

ஜீப்பை மருமகன் ஓட்டுகிறார். ரோட்டில் இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதில் மாற்றமில்லை, அதில் அவருக்கும் வாக்குவாதமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி வாசலில் நின்றது. எஞ்சின் ஓடவில்லை. ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, கியர் குமிழில் இடது கையை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் விழுந்தன. நான்காவதில் மட்டும் கை குமிழை விட்டு வர ஒரு நொடி பிடித்தது.

“முப்பது படம், பாட்டா” என்றாள், பக்கத்து சீட்டில் இருந்த பேத்தி.