பால்பவுடர் டப்பாவில் பதினொரு பிளக்குகள்

நெய்யூரில் ஒரு வீட்டுச் சாய்ப்பில் யெஸ்டி ரோடுகிங் ஒன்று நிற்கிறது. 1981-ல் வாங்கியது. வாங்கியவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. நினைவுநாளுக்காகத் துபாயிலிருந்து லீவில் வந்த மகன், வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். அதை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் ஏற்கெனவே வந்துபோயிருந்தார்கள். ஓடாத வண்டிக்கு ஒரு விலை, ஓடுகிற வண்டிக்கு வேறு விலை.

மைசூரு ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்த வண்டி அது. கிக்கரும் கியரும் ஒரே லிவர். ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. 2022-ல் யெஸ்டி என்ற பெயர் திரும்பி வந்தாலும், அந்தப் புது வண்டியின் இன்ஜின் சாமான்கள் இதற்குப் பொருந்தாது. இருப்பதைக் கெடுக்காமல் காப்பாற்ற வேண்டும்.

முப்பது முறை உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றினார். கரி படிந்து, ஆயிலில் நனைந்திருந்தது. பிளக் கேப்பில் முடி கனத்துக்கு ஒரு விரிசல்.

திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கடைக்குப் போனார். பழைய பிளக்கின் பீங்கானில் 225 என்று இருந்தது. “அந்த நம்பர் இப்ப வராது. 7 இருக்கு, 9 இருக்கு. பழைய நம்பர் பெருசால்லா இருக்கு, பெரியதாவே போடுங்க” என்றார் கடைக்காரர். 9-ஐ வாங்கிக்கொண்டு வந்தார்.

தெருமுனையில் இருக்கும் மெக்கானிக் அண்ணன்தான் அப்பாவின் வண்டியை இத்தனை காலம் பார்த்தவர். பிளக்கைத் திருப்பிப் பார்த்ததும் தலையாட்டினார். “தம்பி, இதைப் போட்டு நாகர்கோவில் வரைக்கும் முறுக்கினா பிஸ்டன்ல ஓட்டை விழுந்திரும். பிஸ்டனுக்கு நீங்க எங்க போவீங்க?”

விஷயம் இதுதான். பிளக்கின் நுனி தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளச் சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். 850 டிகிரியைத் தாண்டினால் அந்த நுனியே நெருப்புக் கங்காகி, ஸ்பார்க் வருமுன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நுனியை வைத்திருக்கத்தான் ‘ஹாட்’, ‘கோல்டு’ என்று பிளக்குகளைப் பிரிக்கிறார்கள். சூட்டைச் சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்திவிடுவது கோல்டு. பிடித்து வைத்துக்கொள்வது ஹாட்.

எண்ணில்தான் வம்பு. மைக்கோ, பாஷ் பிளக்குகளின் பழைய முறையில் எண் கூடக்கூடக் கோல்டு. இப்போதைய பாஷ் முறையில் எண் கூடக்கூட ஹாட். என்ஜிகே-யில் எண் கூடினால் மறுபடி கோல்டு. ஒரு கம்பெனி எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு வாங்கினால் ஆபத்து. பழைய எண்ணுக்கு நேரான புது எண்ணைக் கம்பெனியின் பட்டியலில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மரையின் நீளமும் முக்கியம். விட்டம் 14 மில்லிமீட்டராக ஒத்துப்போனாலும் நீளம் 12.7, 19 என்று மாறும். குட்டை மரைக்கான ஹெட்டில் நீள பிளக்கைத் திருகினால் பிஸ்டன் வந்து இடிக்கலாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டுத்தான் கையில் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

அடுத்தது கேப். எண்ணில் ‘ஆர்’ என்ற எழுத்து வந்தால் பிளக்குக்குள்ளேயே ரெசிஸ்டர் இருக்கிறது. கேப்களிலும் பெரும்பாலும் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். ரேடியோவில் இரைச்சல் வராமல் தடுப்பதற்கானது அது. பாயிண்ட் வைத்த பழைய வண்டிக்கு இரண்டில் ஒன்று போதும். “காயிலுக்கும் வயசாச்சுல்லா, ரெண்டு சுமை எதுக்கு?” என்றார் அண்ணன்.

மறுநாள் நாகர்கோவிலில் சரியான பிளக்கும், ரப்பர் உறையுள்ள கேப்பும் கிடைத்தன. குளச்சல் கடல் பக்கம்தானே. உப்புக்காற்றில் வயரின் செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. நுனியைக் கொஞ்சம் வெட்டி, புதுக் கம்பி தெரிந்ததும் கேப்பைத் திருகினார்கள்.

பிளக் இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். அப்பாவின் சாமான்களைத் துழாவியபோதுதான் அந்தப் பால்பவுடர் டப்பா அகப்பட்டது. உள்ளே பதினொரு பழைய பிளக்குகள். ஒவ்வொன்றும் காகிதத்தில் சுற்றி, கழற்றிய தேதியோடு.

அண்ணன் அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினார். முதல் எட்டும் காப்பித்தூள் நிறம். வண்டி தூரமாகவும் சீராகவும் ஓடியதன் அடையாளம். கடைசி மூன்றும் கன்னங்கரேல். வண்டியில் இருந்ததும் அதே கறுப்பு.

மகன் அந்தத் தேதிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஐந்து வருஷம். “நல்லாத்தான் இருக்கேன் மக்ளே, நேத்துகூட வண்டியில நாகர்கோவில் போயிட்டு வந்தேன்” என்று அப்பா போனில் சொல்லிக்கொண்டிருந்த வருஷங்கள்.

“அண்ணே, நாகர்கோவில் வரைக்கும் ஓடின பிளக்கா இது?”

அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. “பெட்ரோல்ல ஆயில் கூடினாலும் கருக்கும் தம்பி” என்றார் மெதுவாக.

வாசற்படியில் இருந்த அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “நாகர்கோவிலா? கண்ணு தெரியாம ஆனபொறவு அவரு எங்க போனாரு? சந்தை வரைக்கும் உருட்டிட்டுப் போவாரு, வருவாரு. உன்ட்ட சொன்னா நீ அங்க கிடந்து கவலைப்படுவேன்னு சொல்லவிடல்ல.”

யாரும் பேசவில்லை. இடைவெளியை 0.6 மில்லிமீட்டருக்கு வைத்து, பிளக்கை முதலில் கையாலேயே திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்கினார்கள். இருட்டிய பிறகு கிளப்பிப் பார்ப்போம் என்றார் அண்ணன். கேப்பிலோ வயரிலோ கசிவு இருந்தால் இருட்டில் நீலப் பொறி தெரியும்.

மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. எங்கும் பொறி தெரியவில்லை. சைலன்சர்களின் சத்தம் கேட்டு அம்மா எழுந்து வெளியே வந்து நின்றார்.

மறுநாள் காலை மகன் நாகர்கோவில் வரை போய் வந்தார். லீவு முடிவதற்குள் இன்னும் நான்கு முறை போனார். கிளம்புவதற்கு முந்தைய நாள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நுனி காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. அதைத் திரும்ப மாட்டினார். வண்டியிலிருந்து கழற்றிய கறுப்புப் பிளக்கைத் துடைக்காமல் காகிதத்தில் சுற்றி, தேதி எழுதி, டப்பாவில் பன்னிரண்டாவதாக வைத்தார்.

வண்டியைக் கேட்டு வந்தவர்கள் மறுபடி வந்தபோது அம்மாதான் பதில் சொன்னார். “வண்டி ஓடுது. விக்கியதுக்கு இல்ல.”