மண்ணுக்கடியில் ஊர், சுவரில் முகங்கள்

பண்ருட்டிக்கு அருகே, கெடில நதிக்கரையில் அமைந்துள்ளது திருவதிகை. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. திலகவதியாரும் அவர்தம் இளவல் திருநாவுக்கரசரும் வாழ்ந்த பழம்பதி. பாடலிபுத்திரத்தில் இருந்த சமணப் பள்ளியை இடித்து, அக்கற்களைக் கொணர்ந்து பல்லவ மன்னன் இங்கே குணபரவீச்சரம் எழுப்பினான் என்று பெரியபுராணம் உரைக்கும். பள்ளி மறைந்தது; எழுத்தில் நின்றமையால் அதன் நினைவு மட்டும் மறையவில்லை. ஆனால் அரசரும் அடியாரும் எழுத்தில் நின்றதுபோல், அந்நாளில் உழுதவரும் நெய்தவரும் நின்றாரில்லை.

இவ்வூரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. இது திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண் முழுவதையும் அகற்றினாலன்றி நிலக்கரி கிட்டாது. ஆகவே வீடும் கிணறும் களத்துமேடும் இருந்த இடங்கள் ஆழ்ந்த பள்ளங்களாயின. அங்கே வாழ்ந்த குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. மறுபுறம், பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களால், எண்ணிட்ட வட்டங்களோடு புதிய நகரியம் உருவாயிற்று.

இவ்விருவகைக் குடும்பங்களின் கதையும் எங்கே இருக்கிறது? பங்கின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளில் பெயரும் நாளும் உண்டு, முகம் இல்லை. முகம் இருப்பது வீட்டுச் சுவரில் மாட்டிய நிழற்படத்தில்தான். புதுநன்மைப் படத்தின் ஓரத்தில் கூரை வேய்ந்த பழைய கோயில் தெரியலாம். திருமணப் படத்தின் பின்னே, இன்று இல்லாத தெரு தெரியலாம். எடுத்தவர் கருதாத அந்த ஓரங்களே ஊரின் வரலாறு.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இதனை உணர்ந்து, தமிழகப் படநிலையங்களின் பழைய நிழற்படங்களைத் தேடி, படியெடுத்துப் பாதுகாக்கும் பணியை மேற்கொண்டது. பிரிட்டிஷ் நூலகம் அதற்குத் துணைநின்றது. அறிஞர் போற்றும் அச்செல்வம் நம் பரண்மேல் செல்லரித்துக் கிடப்பது முறையாகுமா?

செய்ய வேண்டுவன எளியவை. வெயில் படும் சுவரிலும் அடுக்களைப் புகையிலும் படங்களை மாட்டாதீர்கள். பசைத்தாள் ஆல்பம் நாளடைவில் படத்தைக் கெடுக்கும். தனித்தனிக் காகித உறையே நன்று. சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே படியெடுங்கள். 1970, 80-களின் வண்ணப் படங்கள் விரைவில் வெளிறுவன. அவற்றை முதலில் படியெடுங்கள். ஒரு படியை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்திருங்கள்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. படத்தின் பின்புற ஓரத்தில், மெல்லிய பென்சிலால், யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டா. அதன் தடம் முன்புறம் புடைத்து நிற்கும். பெயரற்ற முகம் இரண்டு தலைமுறைக்குள் அந்நியமாகிவிடும். அம்முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பாட்டியோ பெரியப்பாவோ இன்றும் நம் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். பெயர்ந்துபோன ஊருக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள இந்த ஞாயிறு மாலையே போதும்.