கிளாஸின் அடிக்கனம்

"நீ என்னதாண்டா படிக்கிறே?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் விழிப்பேன். இயற்பியல் என்ற பதில் அவருக்குப் போதவில்லை. படமாகவே காட்டிவிடுவோம் என்று நண்பனின் கணிப்பொறியில், பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, எங்கள் கடை டீ கிளாஸ் ஒன்றை உருவாக்கத் தொடங்கினேன்.

முதலில் வெளிர்நீலம் பூசிப் பாதி ஊடுருவும்படி செய்தேன். பாலிதீன் பை போல வந்தது! கண்ணாடிக்கென்று தனி நிறம் ஏது? பின்னால் இருப்பதை வளைத்தும், எதிரே இருப்பதைப் பிரதிபலித்தும் காட்டுவதுதானே அதன் தோற்றம்! கணிப்பொறி கண்ணிலிருந்து கதிரைப் பின்னோக்கி அனுப்புகிறது. கண்ணாடியில் பட்டதும் அதை எதிரொளிக்கும் கதிர், விலகும் கதிர் என இரண்டாகப் பிரித்துத் தொடர்கிறது. 1980-இல் டர்னர் விட்டெட் தம் கட்டுரையில் காட்டிய வழி இது. நான் கொடுக்க வேண்டியது ஒளிவிலகல் எண். நிறமாலைமானியில் முப்பட்டகத்தை வைத்து, கண்வலிக்கக் கண்டுபிடித்தோமே, அதே எண்தான். 1.5 என்று கொடுத்தேன். இரவெல்லாம் ஓடி, விடியற்காலையில் படம் வந்தது.

அப்பா செல்போனை வாங்கிப் பார்த்தார். "இது கிளாஸ் இல்லடா, ஐஸ்கட்டி. உள்பக்கம் எங்கே? அடிக்கனம் எங்கே? அடிக்கனம் இல்லாத கிளாஸ் என் கையில ஒரு வாரம் தாங்காது" என்றார்.

நாளும் நூற்றுக்கணக்கில் கிளாஸ் கழுவும் கை அது. நான் வெளிப்பரப்பை மட்டும் வரைந்திருந்தேன். உள்ளே நுழைந்த கதிர் நடுவிலுள்ள காற்றுக்குள் வெளியேற உட்பரப்பே இல்லை. எனவே கிளாஸ் முழுவதும் கெட்டிக் கண்ணாடியாகவே தெரிந்தது. வெற்றுக் கிளாஸின் குறுக்கே போகும் கதிர் நான்கு பரப்புகளைக் கடக்க வேண்டும். புத்தகம் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

உட்பரப்பைச் சேர்த்தேன், அடியைக் கனமாக்கினேன். அப்போதும் உயிரில்லை. வெட்டவெளியில் வைத்தால் கண்ணாடி எதைப் பிரதிபலிக்கும்? பெஞ்சு, பாய்லர், குழல்விளக்கு எல்லாவற்றையும் சுற்றி வைத்தேன். நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காடே ஒரு பரப்பில் எதிரொளிக்கும். சாயச் சாய அது கூடும். கிளாஸின் ஓரங்களில் குழல்விளக்கு வெள்ளிக் கோடாக எழுந்தபோது என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். கழுவிக் கழுவி விழுந்த கீறல்களையும் மெல்லியதாகச் சேர்த்தேன்.

இம்முறை அப்பா நெடுநேரம் பார்த்தார். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவரிடமும் காட்டினார். பிறகு கேட்டார்: "டீ எங்கேடா?"

பால் கலந்த டீ ஒளியை உள்ளுக்குள்ளேயே சிதறடிப்பது. அது வேறு கணக்கு. இந்த விடுமுறையில் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.