பழ ஈக்கு வேலி கிடையாது

மார்ச் 4

மலேசியாவின் பந்திங் தாமான்களில் (குடியிருப்புகளில்) கொய்யாவோ நட்சத்திரப்பழமோ பாகற்கொடியோ இல்லாத வீட்டு ஓரம் குறைவு. அணிலும் வௌவாலும் தின்று போவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அறுவடையை அழிப்பது பழ ஈ. கொய்யாவுக்கும் மாவுக்கும் ஒரு வகை, பாகல், புடல், பீர்க்குக்கு இன்னொரு வகை. பெண் ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கிறது. ஓரிரு நாளில் புழு வந்து, ஒரு வாரம் போலச் சதையைத் தின்று, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழு ஆகிறது. மூன்று நான்கு வாரங்களில் அடுத்த தலைமுறை தயார். பந்திங் அடங்கிய கோல லங்காட்டின் சமவெளியில் இந்தச் சுழற்சியை நிறுத்தக் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. ஆகவே மருந்தடிப்பவர் எங்கே தோற்கிறார் என்பது புரிகிறது: மருந்து தோலின் மேல் நிற்கிறது, முட்டையும் புழுவும் உள்ளே இருக்கின்றன, கூடு மண்ணுக்கடியில் கிடக்கிறது.

மார்ச் 9

உள்ளே ஊடுருவும் மருந்துகளும் உண்டே என்று கேட்பார்கள். உண்டு. சதைக்குள் போய்ப் புழுவைக் கொல்லும் மருந்து, அதே சதையோடு நம் தட்டுக்கும் வரும். தெளித்தபின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று புட்டியில் எழுதியிருப்பார்கள். காலையில் பறித்த பாகற்காயை மதியம் குழம்பில் போடும் வீட்டில் அந்தக் கெடு எப்படி நிற்கும்? இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இருக்கிறது. பழ ஈயின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் சிறு குளவி ஒன்று நம் பக்கத்து மண்ணுக்கே உரியது. பழ ஈயால் தவித்த ஹவாய், 1940களின் கடைசியில் தென்கிழக்காசியாவிலிருந்து இந்தக் குளவியை வரவழைத்து வளர்த்துப் பயன் கண்டது. பிறர் கடல் கடந்து வந்து தேடிய துணையை நாம் கொல்லைப்புறத்தில் மருந்தடித்துக் கொல்வது எனக்கு வேதனை தருகிறது.

மார்ச் 16

பொறி வைத்தால் போதாதா? துளசியிலும் உள்ள மெத்தில் யூஜினால், கொய்யாவைத் தாக்கும் ஈயின் ஆண்களைச் சுண்டி இழுக்கும். ஆண்களை மட்டும்தான். தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு கூடிவிடும், கருவுற்ற பெண்ணோ அடுத்த வீட்டிலிருந்து பறந்து வந்துவிடும். பசிபிக்கில் ரோத்தா தீவில் 1960களின் தொடக்கத்தில் இதே மணத்தோடு நஞ்சைச் சேர்த்து ஈயை அடியோடு ஒழித்தார்கள். அங்கே தீவு முழுவதற்கும் தூவினார்கள். ஒக்கினாவாவில் பாகலைத் தாக்கும் ஈயை ஒழிக்க, மலடாக்கிய ஈக்களை இருபதாண்டு போல விட்டு 1993இல் முடித்தார்கள். அதுவும் தீவுக்கூட்டம் முழுவதற்கும் நடந்த வேலை. ஒரு கொல்லையில் தொங்கும் ஒற்றைப் புட்டி ஈ வந்துவிட்டது என்று காட்டும், ஈயைத் தடுக்காது.

மார்ச் 23

அப்படியானால் ஒரு வீட்டால் ஆவது என்ன? மூடுவதும் பொறுக்குவதும். கொய்யா எலுமிச்சை அளவு ஆவதற்குள் பை கட்டிவிட வேண்டும். பாகலுக்குப் பூ வாடிப் பிஞ்சு விரல் அளவு வந்ததும் கட்டலாம், அதற்கு முன் கட்டினால் தேனீ வராது. நம் மழைக்குச் செய்தித்தாள் தாங்காது, நெருக்கமான வலைத்துணிப் பை பல பருவம் வரும். ஏற்றுமதிக்கு நட்சத்திரப்பழம் வளர்க்கும் மலேசியத் தோட்டங்களில் பிஞ்சிலேயே ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றுகிறார்கள். விற்பனைக்கே அவ்வளவு பாடுபடலாம் என்றால் பிள்ளைகள் தின்னும் பத்துப் பழத்துக்குப் படலாம். விழுந்த பழத்தை அன்றே எடுத்துக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் ஒரு வாரம் போட்டால் புழு செத்துவிடும். மேலோட்டமாகப் புதைப்பது கூட்டுப்புழுவுக்கு மண் கொடுப்பதுதான்.

பக்கத்து வீட்டார் பொறுக்காவிட்டால் வீண் வேலைதானே என்பது வலுவான மறுப்பு. பைக்குள் இருக்கும் பழத்துக்கு அது பொருந்தாது. தரையில் அழுகும் பழத்துக்குப் பொருந்தும், ஆகவே இதைத் தெருவே பேசியாக வேண்டும். பெரும்பாலான தாமான்களில் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு இருக்கிறது. கொசுவுக்காகத் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லும் கூட்டத்தில் இதையும் சேர்க்கலாம். ஆளில்லாத வீட்டு மரத்தின் காய்களை, உரிமையாளரிடம் கேட்டு, பச்சையாகவே உதிர்த்துவிடலாம்.