நான் எழுதிக்கொடுத்த கடிதம்

ஏழு வயதுப் பையன் ஒருவனை நான் பள்ளியை விட்டு அனுப்பினேன். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவனுக்காகச் சட்டத்தில் எழுதியிருந்த ஒரு வரியை எடுத்து அவனுக்கு எதிராகவே திருப்பினேன். இது நடந்தது 2019-இல். இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இதுவரை யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் செய்தேன்.

அப்போது திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. அந்தப் பையனுக்கு டவுன் சிண்ட்ரோம். அவன் அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் கம்பெனி வேன் ஊருக்குள் வரும் நேரத்தில் அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடுவாள். சாயங்காலம் பாட்டி வந்து கூட்டிப்போவார். பள்ளி இருந்ததால்தான் அந்த வீட்டில் சம்பளம் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

அவன் முரடன் இல்லை. தானே சாப்பிடுவான். ஒன்றுக்குப் போகவேண்டுமென்றால் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொல்லுவான். பேச்சுதான் வரவில்லை. வருகை எடுக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் அவனே எழுந்து நின்று "உள்ளே" என்பான். "உள்ளேன் டீச்சர்" என்பதில் அவனுக்கு வந்தது அவ்வளவுதான். பிள்ளைகள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டேன். அவன் எழுந்திருக்கவில்லை. அவள் உட்காரும் இடத்தைக் காட்டித் தலையை ஆட்டினான். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஆசிரியை என்ற பெயர் உள்ள எவளும் அந்த இடத்தில் பாடத்தைத் தொடங்கியிருக்கவேண்டும். நான் "உட்காருடா" என்றேன்.

வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒரு முறை சிறப்புப் பயிற்றுநர் வருவார். சின்னப் பெண். தொகுப்பூதியத்தில் வேலை. பல பள்ளிகளைப் பார்க்கவேண்டிய பொறுப்பு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது சீக்கிரம் பிடிபடும் என்று அவர் எனக்குச் சொன்னார். பேச்சு தாமதமாக வருவதால் புரியவில்லை என்று நினைத்துவிடக்கூடாது என்றும் சொன்னார். படங்கள் ஒட்டிய அட்டைகளைச் செய்துகொண்டுவந்து கொடுத்தார். அவற்றை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவர் வரும் நேரம் எனக்கு ஓய்வு நேரமாக இருந்தது.

எனக்குத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது பட்டியலிட்டது. 6 வயது முதல் 18 வயது வரை, பக்கத்திலுள்ள பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, விரும்பிய இடத்தில் இலவசமாகப் படிக்க அந்தப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்றது. இதற்கான பயிற்சிக்குப் போய்வந்தேன். குறுவள மையக் கூட்டத்தில் மற்ற ஆசிரியர்களுக்கு இதை விளக்கியதும் நான்தான். நன்றாகப் பேசினேன் என்று பாராட்டினார்கள்.

பிறகு ஏன் செய்தேன்? பயம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. எங்கள் பள்ளி அந்த எல்லையை ஒட்டியே நின்றது. ஊருக்குள் மெட்ரிக் பள்ளி வேன் வர ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு தகப்பனார் வந்தார். "அந்தப் பையனை வெச்சுக்கிட்டு எப்புடிங்க டீச்சர் எங்க பிள்ளைக படிக்கும்? நாங்க வேற பள்ளிக்கூடம் பாத்துக்கறோம்" என்றார். நாலு பேர் டி.சி. கேட்டால் ஒரு பணியிடம் உபரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பையனும் அவர் பிள்ளையும் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். "யோசிக்கறேனுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

பயத்தோடு கர்வமும் இருந்தது. எந்தப் பிள்ளைக்கும் எழுத்து கற்றுக்கொடுத்துவிடுவேன் என்று எனக்குப் பெயர் இருந்தது. இவன் முன்னால் அந்தப் பெயர் நிற்கவில்லை. என் தோல்வி தினமும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இல்லம் சார்ந்த கல்வி என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக்கு வரவே முடியாத அளவு கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்க் கற்பிப்பது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் இதைச் சேர்த்தது. வேண்டுமென்றால் அந்தப் பிள்ளை அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது. பள்ளி தேர்ந்தெடுக்கலாம் என்று எங்கும் இல்லை. நான் தேர்ந்தெடுத்தேன்.

சிறப்புப் பயிற்றுநர் மறுத்தார். "மேடம், இவன் நடக்கறான், வகுப்புல உட்கார்றான், மத்த பிள்ளைங்களோட சேர்ந்து விளையாடறான். இவனுக்கு இது வேண்டாம் மேடம்" என்றார். அவர் வேலை ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்படும் வேலை. "பள்ளிக்கூடத்தை நடத்தறது நான்தாம்மா, மேல பேசிக்கறேன்" என்றேன். அவர் வாய் அடைத்துப்போனது. அடைக்கத்தான் சொன்னேன்.

அம்மாவை மதியம் வரச்சொன்னேன். அரைநாள் கூலியை விட்டு வந்தாள். பெற்றோர் விருப்பக் கடிதம் ஒன்று வேண்டியிருந்தது. அவளுக்குக் கோவையாக எழுத வராது. நானே எழுதினேன். என் மகனைப் பள்ளிக்கு அனுப்ப இயலாத நிலையில் உள்ளேன், முழு விருப்பத்துடன் வீட்டிலேயே கல்வி வழங்கக் கேட்டுக்கொள்கிறேன் என்று நல்ல தமிழில், அவள் சொல்வதுபோல. இயலாத நிலையில் இருந்தது நான். விருப்பமும் என்னுடையது.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "இதுல கையெழுத்துப் போட்டா இவனுக்குக் காசு ஏதாச்சும் வருங்களா டீச்சர்?"

"வரும்" என்றேன்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு தரும் மாதப் பராமரிப்பு உதவித்தொகையை அவள் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தாள். அதற்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கவேண்டும். பிள்ளை பள்ளிக்கு வந்தால் வராது, வீட்டில் இருந்தால் வரும் என்ற விதி ஏதும் இல்லை. இந்தக் கடிதத்துக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவள் நம்பினாள். நம்பட்டும் என்று விட்டேன். அவள் கையெழுத்தில் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது. சட்டைப் பையில் இருந்த மிட்டாயை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவன் பாதியைக் கடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினான்.

பதிவேட்டில் அவன் பெயரை நான் அடிக்கவில்லை. இல்லம் சார்ந்த கல்வியில் இருந்தாலும் பிள்ளை பள்ளி எண்ணிக்கையில்தான் வரும். 60-க்கு மேல் நின்ற எண்ணிக்கையில் அவனும் ஒருவன். பணியிடத்துக்கு அவன் வேண்டும், வகுப்புக்கு வேண்டாம். நான் செய்தது அவ்வளவுதான், அதைவிட நாகரிகமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அவன் எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள். நம்மைப்போல இல்லாத ஒருவன் ஒரு நாள் காணாமல் போவான், அதைப் பற்றிக் கேட்கவேண்டியதில்லை என்று அந்த வகுப்புக்குக் கற்றுக்கொடுத்தேன்.

அவன் அம்மா சில மாதங்களில் கம்பெனியை விட்டாள். பாட்டியால் அவனைத் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கிடைத்த வேலைக்குப் போனாள். பல நாள் அவன் வீட்டுக்குள் இருக்க, கதவு வெளியே தாழ் போட்டிருந்தது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் எல்லாம் மூடின. எல்லாப் பிள்ளைகளும் வீட்டில்தானே இருக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. 2021 நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகளைத் திறந்தோம். வாசலில் தோரணம் கட்டினோம். வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவும் இனிப்பும் கொடுத்தோம். அன்று ஒரு ஆள் அனுப்பியிருந்தால் அவன் வந்திருப்பான். யாரும் காரணம் கேட்டிருக்கமாட்டார்கள். அவன் ஞாபகம் எனக்கு வந்தது. கூப்பிடவில்லை. 2019-இல் செய்ததைப் பயத்தின்மேல் போடலாம். இதை எதன்மேலும் போட முடியாது.

ஓய்வு பெற்றபின் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. "உள்ளே" என்ற சொல் இப்போது அவனிடம் இல்லை என்று அம்மா சொன்னாள். உடல் தடித்திருந்தான். ஆள் வந்தால் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்கிறான். "நீங்க நல்லதுக்குத்தானுங்களே சொன்னீங்க டீச்சர்" என்றாள். இல்லை என்றேன். கடிதம், பணம், 60 எண்ணிக்கை, பீரோவிலிருந்த அட்டைகள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "அப்ப வந்துட்டே இருந்திருந்தா பேசியிருப்பானுங்களா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள இருந்த வாய்ப்பை எடுத்தவள் நான்.

பிறகு சொன்னாள்: "அன்னைக்கு அந்தக் கடுதாசிய நீங்கதான எழுதுனீங்க. இன்னைக்குச் சேத்துக்கச் சொல்லி ஒன்னு எழுதிக் குடுங்க."

எழுதினேன். இந்த முறை அவள் சொன்னதை மட்டும். தொடக்கப் பள்ளி வயதைத் தாண்டிவிட்டதால் அவன் பெயர் இப்போது பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. மூன்று பேரும் போனோம். அங்கிருந்த தலைமையாசிரியர் எனக்கு நாற்காலி போட்டார். "ரிஜிஸ்டர்ல பேர் இருக்குதுங்களே டீச்சர். வீட்டுக்கு ஆள் வந்து சொல்லிக் குடுக்கறாங்க. அங்கயே பத்திரமா இருக்கட்டுமே. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அவர் மோசமானவர் இல்லை. அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னது.

மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். இன்னும் பதில் வரவில்லை. பையனுக்கு இப்போது 13 வயது.